மூழ்கிய ஊரின் கரையில்: மலையகத்துக்கான நீர்க்கரை அருங்காட்சியகம் எப்படி அமைய வேண்டும்?

இலங்கை மலையகத்தின் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கும்போது பழைய மஸ்கெலியா வெளியே வருகிறது. மாசி, பங்குனி வறட்சியில் மட்டம் குறையக் குறைய, சேறு படிந்த சரிவில் கோயிலின் கற்கள், விகாரையின் எச்சங்கள், பள்ளிவாசலின் இடிபாடு, பழைய பாதையின் தடம் என ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். 1969 இல் மஸ்கெலியா ஓயா என்னும் ஆற்றை மறித்து அணை கட்டி முடித்தபோது ஊர் மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. கீழே விட்டுவந்த ஊர் நீருக்குள் போனது. வறட்சி கடுமையான ஆண்டுகளில் அது நன்றாகவே தெரியும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இறங்கிப்போய், இங்கே கடை இருந்தது, இங்கே கோயில் இருந்தது என்று காட்டும் முதியவர்களை அப்போது அங்கே காணலாம். தென்மேல் பருவமழை பிடித்ததும் எல்லாம் மறுபடி மூடிக்கொள்ளும்.

நீர்க்கரையில் அருங்காட்சியகம் கட்டுவது இன்று உலகெங்கும் நடக்கிறது. 1997 இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரில், நெர்வியோன் ஆற்றங்கரையில், ஃபிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்த பிறகு, தொழில் நலிந்த துறைமுக நகரங்கள் பலவும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன. கிளாஸ்கோவில் ஸாஹா ஹதீத் வடிவமைத்த ஆற்றங்கரை அருங்காட்சியகம் 2011 இல் வந்தது. அபுதாபியில் 180 மீட்டர் விட்டமுள்ள கவிகைக்குக் கீழே ஜான் நுவெல் 2017 இல் ஒரு லூவரை அமைத்தார். டண்டியில் கெங்கோ குமா கட்டியது 2018 இல் திறந்தது. இவற்றின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் நீரைத் தமக்குரிய முன்றிலாகவே பயன்படுத்துகின்றன. கட்டடத்தின் நிழல் விழ நீர் வேண்டும். மாலையில் விளக்குகள் மின்ன நீர் வேண்டும். மலையகத்தில் நீரை அப்படி நடத்த முடியாது. இங்கே நீருக்கு அடியில் மனிதர் வாழ்ந்த இடம் கிடக்கிறது. நுவரெலியா மாவட்டத்தின் நீர்க்கரையில் ஓர் அருங்காட்சியகத்தை யார் வரைந்தாலும் முதலில் இதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும்: பார்வையாளர் எந்த இடத்தில் நின்று, எதைப் பார்க்கப் போகிறார்?

இந்த மலைகளில் நாம் ஏரி என்று பார்ப்பவை எல்லாம் மனிதர் ஆக்கியவை. நுவரெலியாவின் கிரகரி வாவி 1873 இல், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் வெட்டியது. அது வெள்ளைக்காரரின் ஓய்வுக்கு. மற்றவை மின்சாரத்துக்கு. மலைநாட்டு ஓயாக்களில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே எழுதினார். லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல்தான். பிறகு கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ 1965 இல், மவுஸ்ஸாக்கலை 1969 இல், கொத்மலை 1985 இல், தலவாக்கலையில் மேல் கொத்மலை 2012 இல். ஒவ்வொன்றும் தேயிலையையும் வீடுகளையும் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களையும் கோயில்களையும் எடுத்துக்கொண்டது. மேல் கொத்மலைக்காக இடம்பெயர்ந்த குடும்பங்கள் மட்டும் ஏறத்தாழ 500. இந்த நீரில் பிறந்த மின்சாரம் கொழும்பை ஒளியாக்கிய பிறகும், கரையிலிருந்த பல லயங்கள் ஆண்டுக்கணக்கில் குப்பி விளக்கோடுதான் இருந்தன.

மலையகத்தின் வரலாற்றைச் சொல்ல இப்போது இருப்பவற்றில் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டும் நீரை விட்டு விலகி நிற்பவை. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925 இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001 இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நான்கு மாடிகள், பழைய உருளை இயந்திரங்கள், சலிப்பான்கள், நீராவி எந்திரம், 1867 இல் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்கள். கட்டடம் அருமையானது. ஆனால் அது தேயிலையின் கதை. கொழுந்து எடுத்த கையின் கதைக்கு அங்கே கிடைத்த இடம் சிறியது. அந்தக் குறையை உணர்ந்து எழுந்ததுதான் கம்பளையிலிருந்து இறம்பொடைக்குப் போகும் வழியிலுள்ள பழைய பீகொக் தோட்டத்தின் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும். சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இல் அதை ஒரு லயத்திலேயே அமைத்தது. கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, தப்பு, பழைய கடவுச்சீட்டு, வீட்டுப் பாத்திரங்கள் என்று தோட்டத்து வீடுகளிலிருந்து திரட்டிய பொருட்கள் அங்கே இருக்கின்றன. பெரிய கட்டடக்கலை எதுவும் இல்லாமலே அது ஒரு முக்கியமான முடிவைச் சரியாக எடுத்தது: தாழ்ந்த கூரைக்குக் கீழே குனிந்து நுழைகிறவருக்கு, விளக்கப் பலகையைப் படிக்கும் முன்பே பாதி விளங்கிவிடும். நீர்க்கரையில் இனி எழக்கூடிய எந்தக் கட்டடமும் இந்தச் சிறிய லயத்தோடு ஒப்பிடப்படும் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

நீர் கொண்ட ஊர்களுக்கு மற்ற நாடுகள் என்ன செய்தன? நமக்குப் பக்கத்தில் இருப்பது ஆந்திர, தெலங்கானா எல்லையில் கிருஷ்ணா ஆற்றில் நாகார்ஜுனகொண்டா. அணை எழுமுன் 1954 முதல் 1960 வரை பள்ளத்தாக்கு முழுவதையும் அகழ்ந்தார்கள். தேர்ந்த கட்டட எச்சங்களைக் கல் கல்லாகப் பெயர்த்து, நீர் சூழ்ந்த பிறகு தீவாக மிஞ்சிய குன்றின் உச்சியில் திரும்ப அடுக்கினார்கள். 1966 முதல் அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. படகில்தான் போக வேண்டும். மூழ்கிய பள்ளத்தாக்கின் மேலே மிதந்தபடி அதன் எச்சங்களைக் காணப் போகும் அந்தப் பயணமே காட்சியின் முதல் கூடமாகிவிடுகிறது. ஆனால் அங்கே காப்பாற்றப்பட்டது இக்ஷ்வாகு மன்னர் காலத்துப் பௌத்த நகரம். நேற்றுவரை அந்தப் பள்ளத்தாக்கில் உழுதுகொண்டிருந்தவரின் வீட்டுக்கு அத்தகைய அக்கறை கிடைக்கவில்லை.

அந்த அக்கறையை எகிப்தின் அஸ்வானில் பார்க்கலாம். உயரணை நூபிய நாட்டையே மூழ்கடித்தது. 1960களில் எகிப்தின் பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் ஊர் பெயர்ந்தார்கள். அபு சிம்பெல் கோயிலை உலகம் தூக்கி வைத்தது. வீடுகளை யாரும் தூக்கவில்லை. பிறகு 1997 இல் மஹ்மூத் எல் ஹக்கீம் வடிவமைத்த நூபிய அருங்காட்சியகம் திறந்தது. 2001 இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. அது மலைச்சரிவோடு ஒட்டி, உள்ளூர்க் கல்லில், பெருமளவு தரைக்குள் இறங்கி நிற்கிறது. தோட்டத்தில் ஒரு நூபிய வீடு. நைலின் நினைவாக ஓடும் ஒரு வாய்க்கால். உலகப் புகழ் பெற்ற கோயிலின் பக்கத்தில் சாதாரணக் குடியானவனின் திண்ணைக்கும் இடம் உண்டு என்று அது சொல்கிறது. மலையகத்துக்கு வேண்டிய பாடம் இதில் நிறைய இருக்கிறது.

மூன்றாவது, சீனாவின் சோங்சிங் பகுதியிலுள்ள பைஹெலியாங். யாங்சி ஆற்றின் நடுவே ஒரு நீண்ட பாறை. குளிர்காலத்தில் நீர் எவ்வளவு தாழ்ந்தது என்பதை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அதில் மீன் உருவங்களும் எழுத்துகளுமாகச் செதுக்கி வைத்திருந்தார்கள். முப்பள்ளத்தாக்கு அணை அதை நிரந்தரமாக மூழ்கடித்தபோது, பாறையைப் பெயர்க்காமல் 2009 இல் நீருக்கு அடியிலேயே அருங்காட்சியகம் அமைத்தார்கள். ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப்போய்க் கண்ணாடித் துளைகள் வழியே பார்க்கலாம். மவுஸ்ஸாக்கலைக்கு இத்தனை செலவு தேவையில்லை. நம் ஊர் தானாகவே எழுந்து வருகிறது. ஆனால் நீர்மட்டத்தைக் கல்லில் பதியும் அந்தப் பழக்கம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. தமிழருக்கு இது அந்நியமும் அல்ல. மேட்டூர் அணை வற்றும்போது பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி தெரிகிறதா என்று பார்த்து நீரின் அளவைச் சொல்லும் வழக்கம் சேலத்துக்காரருக்கு உண்டு. மலையகத்தவரில் பலரின் முன்னோர் அந்தச் சேலத்திலிருந்தும், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்தும் வந்தவர்கள்.

வந்திறங்கிய கரையை நினைவிடமாக்கிய அருங்காட்சியகங்களும் உண்டு. மொரிஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகள் ஏறிவந்த 16 படிகள்தாம் ஆப்ரவாசி காட் எனும் உலக மரபுச் சின்னத்தின் இதயம். கட்டடம் அந்தப் படிகளுக்குப் பணிந்து சிறியதாக நிற்கிறது. அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில், அடிமைகளாக ஆப்பிரிக்கர் இறக்கப்பட்ட கேட்ஸ்டன் துறையில், 2023 இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தை 18 தூண்களின்மேல் 13 அடி உயரத்தில் தூக்கி நிறுத்தினார்கள். ஹென்றி காப் அப்படி வரைந்ததற்குக் காரணம் எளியது: அந்த மண்ணின்மேல் எதையும் வைக்கக் கூடாது. கீழே வால்டர் ஹூட் அமைத்த தோட்டத்தில், கல் தரையில் செதுக்கிய மனித உருவங்களின்மேல் நீர் ஏறி இறங்குகிறது. மலையகத் தமிழர் வந்திறங்கிய கரை மன்னார்ப் பக்கம். அந்த வருகையின் 200 ஆண்டு நிறைவை ஒட்டி 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அங்கே ஒரு நினைவிடம் எழுவது அவசியம். ஆனால் அது வருகையின் கதையைச் சொல்லும். வந்த பின் நட்டதையும் கட்டியதையும் இழந்ததையும் சொல்ல மலைக்குள் வர வேண்டும்.

நான் மஸ்கெலியாக் கரையைத்தான் தேர்வேன். காசல்ரீக்கும் தகுதி உண்டு. அதன் கரைக்கு மேலே 1878 இல் கட்டிய வார்லி தேவாலயம் இருக்கிறது. ஏரி அதற்கு 87 ஆண்டுகள் பிந்தியது. சுற்றிலும் பழைய துரை பங்களாக்கள் சில விலையுயர்ந்த விடுதிகளாகிவிட்டன. அங்கே நல்ல காட்சி எல்லாம் பங்களாவின் புல்தரையிலிருந்து கிடைப்பது, அந்தப் பார்வைக்குப் பழகிய ஆயிரம் புகைப்படங்கள் உண்டு. மஸ்கெலியாவில் அப்படியில்லை. புது நகரமே கரையில் இருக்கிறது, எதிரே சிவனொளிபாதமலை நிற்கிறது. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் யாத்திரிகர் எல்லோரும், எந்தச் சமயத்தவராயினும், இந்த வழியாகத்தான் போகிறார்கள். அந்தப் பருவத்தின் பிற்பாதியும் நீர் தாழும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. ஊர் வெளியே தெரியும் நேரத்தில் நாடே அந்த வழியில் போகிறது. எந்தச் சுற்றுலாத் திட்டமும் செய்து தர முடியாத ஏற்பாடு இது.

ஆனால் நீர்த்தேக்கக் கரை ஆற்றங்கரை போன்றதல்ல. மவுஸ்ஸாக்கலை ஏறத்தாழ 12 கோடி கன மீட்டர் நீரைக் கொள்ளும். அதன் மட்டத்தை மழை பாதியும் மின் உற்பத்தி பாதியுமாகத் தீர்மானிக்கின்றன. பல மீட்டர் ஏறி இறங்கும் சேற்றுப் பட்டை ஒன்று எப்போதும் கரைக்கும் நீருக்கும் நடுவில் கிடக்கும். டண்டியைப் போல நீருக்குள் மூக்கை நீட்டும் கட்டடம் இங்கே ஆண்டில் பாதி நாள் சேற்றின்மேல் தொங்கும். அதனால் கட்டடம் உச்ச நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். கீழே நமக்குத் தெரிந்த படித்துறையே போதும்: அகலமான கருங்கல் படிகள், நீரைத் தொடர்ந்து இறங்குபவை. ஒவ்வோர் ஆண்டும் நீர் தாழ்ந்த அளவை அந்தப் படியிலேயே ஆண்டெண்ணோடு வெட்டி வைக்கலாம். படித்துறையின் கடைசிப் படிக்கு அப்பால் எந்த வேலைப்பாடும் வேண்டாம். பழைய ஊரின் கற்களுக்கு வேலியோ விளக்கோ பெயர்ப்பலகையோ கூடாது. அவற்றைக் காட்சியாக்கும் உரிமை கட்டடக் கலைஞருக்கு இல்லை.

மேலே எழும் கட்டடத்துக்கு என்ன உருவம்? தோட்டத்தில் மூன்று கட்டட வகைகள் உண்டு: பங்களா, ஸ்டோர், லயம். பங்களாவை விட்டுவிடலாம். ஸ்டோரு என்று நம் மக்கள் சொல்லும் தொழிற்சாலை பலரையும் ஈர்ப்பது. இரும்புச் சட்டகம், தகரக் கூரை, வரிசை வரிசையாக ஜன்னல், காற்றுக்காக மேல் மாடிகளில் கொழுந்து வாட்டும் தட்டுகள். கந்தப்பளையில் அப்படி ஒரு தொழிற்சாலையை 1990களில் விடுதியாக மாற்றினார்கள், ஹந்தானை அருங்காட்சியகமானது. அதன் வேலை ஒழுங்கில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு: கொழுந்து முதலில் உச்சிக்குப் போகும், அங்கே வாடி, மாடி மாடியாகக் கீழே இறங்கித் தேயிலையாக வெளியே வரும். பார்வையாளரையும் அப்படி மேலிருந்து கீழாக இறக்கி, கடைசியில் நீர் விளிம்பில் விடலாம்.

இருந்தாலும் உருவத்துக்கு லயத்திடம்தான் போக வேண்டும் என்பேன். இதைச் சொல்லும்போது தயக்கம் வரும், வரவும் வேண்டும். 10 அடிக்கு 12 அடி காம்பரா எனும் அறை, ஒரே கதவு, முன்னே இஸ்தோப்பு எனும் சிறு தாழ்வாரம், முதுகோடு முதுகாக இரண்டு வரிசை. அதன் உள்ளே நடந்தது கொடுமை. ஆனால் லயத்தின் வெளி உருவத்தைக் கவனியுங்கள். நீளமானது, ஒடுக்கமானது, மலைச்சரிவின் சமமட்டக் கோட்டை விட்டு விலகாதது. மண்ணை அதிகம் வெட்டாமல் சரிவில் நிற்க அதைவிட நல்ல உருவம் கிடையாது. கந்தளமை ஹோட்டலில் ஜெப்ரி பாவா 1990களில் செய்ததும் இதுதான்: ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைச் சரிவோடு கட்டடத்தை ஓட்டி, மழைநீர் அதன் அடியால் ஏரிக்குப் போக வழி விட்டார். பாவாவை உலகம் கொண்டாடியது. அதே சமமட்டக் கோட்டில் நம் மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அடைபட்டிருந்தார்கள். அந்த உருவத்தைத் தேர்ந்தவர்களும் அவர்கள் அல்லர். ஆகவே லயத்தின் நீளத்தையும் தாழ்வாரத்தையும் வைத்துக்கொண்டு அதன் சுவர்களை உடைக்க வேண்டும். காம்பராவின் அளவைத் தரையில் கல் பட்டையால் மட்டும் குறித்துவிட்டு, மேலே ஒரே கூடமாகத் திறந்துவிட்டால், எத்தனை பேர் எவ்வளவு இடத்தில் வாழ்ந்தார்கள் என்பதைக் கால் சொல்லும். முன்னே பிரட்டுக்களம் இருக்கட்டும். விடியலில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்த அந்த வெளி, காமன் கூத்துக்கும் பொன்னர் சங்கர் கூத்துக்கும் தப்பு ஒலிக்கும் களமாக இருக்கட்டும்.

இதில் இன்னொரு சிக்கல். பக்கத்து மலையில் மக்கள் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள். தனிவீட்டுத் திட்டங்கள் வந்தும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அவை எட்டவில்லை. இந்த நிலையில் ஒரு லயத்தைப் புதுக்கி, பழைய விறகடுப்பு வைத்து, இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று இறந்தகாலத்தில் எழுதி வைத்தால் அது பொய். அருங்காட்சியகத்தின் விளக்கங்கள் நிகழ்காலத்தில் இருக்க வேண்டும். ஒரு பகுதி காணி உறுதி, வீட்டு விண்ணப்பம், சம்பளக் கணக்கு போன்றவற்றுக்கு உதவி செய்யும் அலுவலகமாகவே இயங்கலாம். 1948 குடியுரிமைச் சட்டத்துக்கும் 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கும் பிறகு இந்த மக்களின் வாழ்க்கையே காகிதத்தில்தான் தீர்மானிக்கப்பட்டது. ஒரு துண்டுக் கடிதம் இல்லாததால் நாடற்றுப் போன குடும்பங்கள் எத்தனையோ. காகிதத்தைக் காட்டும் இடத்திலேயே காகிதம் எழுதிக் கொடுக்கவும் ஆள் இருப்பது பொருத்தம்.

காகிதம் என்றதும் ஈரம் நினைவுக்கு வருகிறது. ஹட்டன் பக்கத்து மேற்குச் சரிவுகள் நாட்டிலேயே அதிக மழை காண்பவை. வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டரைத் தாண்டும். மூடுபனி அறைக்குள்ளேயே வந்து உட்காரும். காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் கடவுச்சீட்டிலும் செக்ரோல் எனும் வேலைப் பதிவேட்டிலும் சேலையிலும் பூஞ்சணம் பிடிக்கும். ஒளி 50 லக்ஸுக்கு மேல் போனால் மை மங்கும். ஏரியைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சுவர், நவீன நீர்க்கரைக் கட்டடங்களின் முத்திரையான அது, இங்கே ஆவணங்களுக்கு எமன். ஆவண அறை சரிவின் பக்கமாக, இரட்டைக் கூரையோடும் தரையை விட்டு எழுந்த தளத்தோடும் இருக்க வேண்டும். நீரைப் பார்ப்பதெல்லாம் திறந்த தாழ்வாரத்திலிருந்து.

மண்சரிவை மறந்து யாரும் இங்கே கட்ட முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்களின்மேல் மலை இறங்கியது நமக்கு ஆறாத புண். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வெறும் முத்திரையாக இருக்கக் கூடாது. தோட்டத்தில் வடிகால் கான் வெட்டுகிறவர்களைக் கேட்டால், எந்தச் சரிவில் நீர் ஊறும், எந்த மண் பிடிக்கும் என்று சொல்வார்கள். அந்த அறிவுக்குத் திட்டத்தில் கூலியும் பெயரும் கொடுக்க வேண்டும்.

பெயர் என்பது சின்ன விஷயமல்ல. புகைப்படக் கலையின் முன்னோடியான ஜூலியா மார்கரெட் கேமரன் தம் கடைசி ஆண்டுகளில் இலங்கையில் படமெடுத்தார். 1879 இல் டிக்கோயாவில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் படத்தில் நிற்கும் தோட்டத் தொழிலாளர் யாரென்று தெரியாது. படமெடுத்தவரின் கல்லறைக்கு வழி கேட்டுப் போகிறோம். படத்தில் இருந்தவருக்கு ஒரு பெயர்கூட இல்லை. தோட்டத்துப் பழைய செக்ரோல்களில் பெயர்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. தாழ்வாரத்தின் நீளச் சுவர் அவற்றுக்கே உரியது.

இதற்கெல்லாம் முதலில் வடிவமைப்புப் போட்டி வைத்து வெளிநாட்டுப் பெயர் ஒன்றைத் தேடுவது வழக்கம். மஸ்கெலியாவில் வரிசை மாற வேண்டும். அணை எழுந்தபோது பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள். பழைய நகரில் எந்தக் கடை எந்தத் திருப்பத்தில் இருந்தது, தேர் எந்த வீதியால் வந்தது, எந்த லயம் எந்த ஓயாவின் பக்கம் என்பது அவர்கள் தலையில் மட்டும்தான் இருக்கிறது. நீர் தாழ்ந்திருக்கும் மாதங்களில் அவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கி, சொல்வதைப் பதிந்து, ஊரின் வரைபடத்தை அவர்கள் வாயாலேயே வரைய வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் அருகில் இருக்கிறது, பழைய பீகொக் காப்பகத்தின் அனுபவம் இருக்கிறது, மஸ்கெலியாப் பாடசாலைகளில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு வறட்சிப் பருவங்களில் முடியும் வேலை. கட்டடத்துக்கு ஆகும் செலவில் இது ஒரு சிறு துளி. அந்த வரைபடம் கையில் வந்த பிறகு கட்டடக் கலைஞரை அழைக்கலாம். எங்கே கட்டக் கூடாது என்பதை அது அவருக்கு முதலில் காட்டிவிடும்.